சுலோசனா மடித்து வைத்த மேண்டில்

"இன்னா தமயந்தி, கொய்ந்தைக்கு சாக்ஸ் மாட்ற மாரி மாட்டிக்கினு கீறே?"

தலைக்கு மேலே நின்று கேட்டது என் நாத்தனார் புஷ்பா அண்ணி. நெமிலிச்சேரியில் என் ஃபிளாட் ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டு, நான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பித்தளை பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதன் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. என் கையில் வலைத்துணியில் செய்த ஒரு சின்ன வெள்ளைப் பை. அதுதான் மேண்டில்.

விளக்கின் உள்ளே தொங்குகிற பீங்கான் மூக்கில் அந்தப் பையை மாட்டி, வாயில் கோத்திருக்கும் நூலை இழுத்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த 'அவ்வளவுதான்' வேலைக்கு எனக்கு மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்துக் கொட்டியது.

"அண்ணி, ஒரு தடவை நீங்க கட்டிக் காட்டுங்களேன்."

"நானா? நான் தொடக்கூடாதும்மே. நான் அந்த ஊட்ல பொறந்த பொண்ணு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியவும் தெரியாது" என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்த விளக்கோடு வளர்ந்தவள். ஒரு முறைகூடக் கட்டியதில்லை. ஆனாலும் குற்றம் சொல்ல மட்டும் வாய் நிறைய உரிமை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நூலை இழுத்தேன்.

ஐம்பத்தொன்றில் ஒரு கல்யாணம்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தேன். கல்யாணம் என்ற பேச்சையே வீட்டில் எல்லோரும் மறந்துபோன பிறகு, ஐம்பத்தொன்றாம் வயதில் குமரேசனைக் கட்டிக்கொண்டேன்.

மின்சார ரயிலில் வந்த பழக்கம். அவர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். மனைவி சுலோசனா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. முத்தாபுதுப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். வயலெல்லாம் மனையான பிறகு ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். பழைய வீட்டில் அக்கா புஷ்பா மட்டும் இருக்கிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற கேள்வி வந்தது. கடன் கட்டி முடித்த என் ஃபிளாட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்ததால், அவர் இரண்டு பைகளோடு என் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாடி மாமி என்னை லிஃப்டில் மடக்கி, "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கேட்டாள். "ஆமா மாமி, வாடகை வாங்கலை" என்றேன். அதற்குப் பிறகு அவள் லிஃப்டில் என்னோடு ஏறுவதில்லை.

குமரேசனுக்கு ஒரே மகள், ரேவதி. அம்பத்தூரில் குடித்தனம், ஐ.டி. வேலை. எங்கள் பதிவுத் திருமணத்துக்கு வந்தாள், சாட்சிக் கையெழுத்தும் போட்டாள். போகும்போது என்னைப் பார்த்து, "அப்பாவுக்கு சுகர் இருக்கு, பாத்துக்கங்க" என்றாள். அதன்பின் என்னிடம் அவள் பேசியதெல்லாம் பாங்க் கவுண்டரில் பேசுகிற பேச்சுதான். மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு சொல் கூடவும் இல்லை.

எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்றிருந்தது. அம்மா என்று அவள் கூப்பிட வேண்டாம். அந்த இடம் காலியில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்க்க வரும்போது நான் அங்கே இருப்பது அவளுக்கு உறுத்தாமல் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொள்வேன். பொய் சொல்வானேன், அதற்கும் மேலே கொஞ்சம் ஆசை இருக்கத்தான் செய்தது.

வீட்டுக்கு வந்தவள்

ஆடி மாதம் முத்தாபுதுப்பேட்டையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அன்று மாலை கரகம் வீதி சுற்றி வரும். கரகத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோமாக்ஸ் போக வேண்டும், அது குமரேசன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பது வழக்கம். தெருவெல்லாம் எல்.இ.டி. விளக்கு கண்ணைக் குத்தினாலும் இந்த வழக்கம் மாறவில்லை.

அந்த விளக்குக்கு மேண்டில் கட்டுவது, அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான். அந்த வீட்டில் பிறந்த பெண்கள் தொடக்கூடாது. அவர்கள் வேறு வீட்டு விளக்குக்குப் போகிறவர்களாம். சுலோசனாவுக்கு அவள் மாமியார் சொல்லிக் கொடுத்தாள். சுலோசனாவுக்கு அடுத்து வர ஆளில்லை. அவள் போன பிறகு சில வருஷங்கள் பேட்டரி லைட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

ஆக, இந்த வழக்கத்தின் அழகு என்னவென்றால், உரிமை உள்ள ஒருத்திக்குக் கட்டத் தெரியாது. கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தொட உரிமை கிடையாது.

"இந்த வருசம் நீ கீறே. நீதான் கட்டணும்" என்று புஷ்பா அண்ணி ஆடி பிறப்பதற்கு முன்பே விளக்கையும் கையோடு எடுத்து வந்து சொல்லிவிட்டாள்.

"வீட்டுக்கு வந்தவங்கதானே கட்டணும்? நான் எங்க வந்தேன், உங்க தம்பிதானே இங்க வந்திருக்காரு?"

"அட இன்னாமே நீ! அம்மன் இன்னா அட்ரஸ் ப்ரூஃபா கேக்குது?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

மூன்றா, ஐந்தா

மேண்டில் பற்றி எனக்கு அதுவரை இருந்த அனுபவம் ஒன்றே ஒன்று. சின்ன வயதில், என் அத்தை கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது ஒரு வண்டு விளக்குக்குள் புகுந்து மேண்டிலை உடைத்துவிட்டது. இருட்டில் பரிமாறினார்கள். பாயசத்தின் மேல் ரசம் வாங்கிய மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், சாகும்வரை எங்கள் குடும்பத்தோடு சுமுகமாகப் பேசவில்லை.

முதலில் ஆன்லைனில் தேடினேன். படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டதில் மூன்று தினுசு வந்து சேர்ந்தது. ஒன்றில் நூலுக்குப் பதிலாகக் கம்பி வளையம். அது வேறு வகை கேஸ் விளக்குக்கு. இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் வாய். மூன்றாவது என் கட்டைவிரலுக்குத்தான் பொருந்தியது. "இதுல ஒண்ணு மூஞ்சில கட்டிக்கினா கொசு கடிக்காது" என்றார் குமரேசன்.

பிறகு இருவரும் ரயிலேறிப் பாரிமுனைக்குப் போனோம். சந்துக்குள் சந்தாக நுழைந்து ஒரு விளக்குக் கடையைப் பிடித்தோம். கடைக்காரர் முதலில் கேட்டது, "எத்தனை கேண்டில்பவர் லைட்டு?"

அங்கேதான் வந்தது வினை. மேண்டிலுக்கு அளவு உண்டு. விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருமோ அந்த எண்ணுக்குத் தகுந்த மேண்டில் போட வேண்டும். எங்கள் விளக்கின் டேங்கில் எண் பொறித்திருக்கிறது. ஆனால் தலைமுறையாகப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இரண்டு சைபர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. முன்னால் இருப்பது மூன்றா ஐந்தா என்று தெரியவில்லை.

"ஐந்நூறு" என்றார் குமரேசன், கொஞ்சமும் யோசிக்காமல்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க ஊட்டு லைட்டு சின்னதாவா இருக்கும்?"

இந்த மாதிரி ஆதாரத்தை நான் என் வேலையில் ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. ஐந்நூறில் ஒன்று, முந்நூறில் ஒன்று கேட்டேன். முந்நூறில் இருப்பதே ஒன்றுதான், புதுச் சரக்கு அடுத்த வாரம்தான் வரும் என்றார் கடைக்காரர். பழைய வகை மேண்டில் வெண்ணெய் நிறத்தில் எரியுமாம்; இப்போது வருவது வெள்ளை வெளேரென்று இருக்குமாம். பழையது இப்போது கிடைக்காது என்றும் சொன்னார்.

ஐந்நூறை முதலில் கட்டினேன். நாத்தனார் மேலே நின்று சாக்ஸ் என்று கிண்டல் செய்தது அதைத்தான். பால்கனியில் வைத்துப் பற்ற வைத்தால், மேண்டிலின் மேல் பாதி மினுங்கியது, கீழ்ப் பாதி கறுப்பாகத் தொங்கியது. புகை மேலேறி, மாடி வீட்டுத் துணியில் கரி படிந்து, நான் போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

அப்படியானால் முந்நூறு. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் என் கணவர்.

குமரேசன் செய்த காரியம்

முந்நூறை அவசரப்படாமல் கட்டினேன். மேண்டில் கட்டுவதில் சூட்சுமம் மடிப்பில்தான் இருக்கிறது. பையின் வாய் அகலம், மூக்கு சிறியது. மிச்சத் துணியைச் சுற்றிலும் ஒரே சீராகச் சின்னச் சின்ன மடிப்பாகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் துணி சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டு ஓட்டை விழும்.

புடவைக் கொசுவம் நேராக வைக்கத் தெரிந்தவளுக்கு இது வராதா என்று வீம்பாக உட்கார்ந்தேன். நாலு முறை அவிழ்த்தேன். ஐந்தாவது முறை மடிப்பு சுற்றிலும் ஒரே அளவாக வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. மறுநாள் கூழ் ஊற்றுவது. விளக்கைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பால்கனி முழுக்க வெளிச்சம். குமரேசன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, கன்னத்தில் கை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

"சூப்பரா எரியுது தமயந்தி. நீ கட்டினது எப்படி எரியுதுன்னு பாக்கணும்னு தோணிச்சு."

அவர் அதைச் சொன்ன விதத்தில் திட்ட வந்த வாய் அடைத்துப்போனது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மேண்டில் ஒரு முறை எரிந்துவிட்டால் அது துணி இல்லை. துணி கறுத்து, சுருங்கி, பொசுங்கிப் போய்விடும். துணியின் வடிவத்தில் நிற்கிற சாம்பல்தான் ஒளி விடுவது. பதமாகக் கையில் பிடித்து நடந்தால் தாங்கும். ஒரு இடி இடித்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

இதைப் பிறந்ததிலிருந்து அறிந்த மனிதர், மறுநாள் காலை அந்த விளக்கை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்து, நெமிலிச்சேரியிலிருந்து முத்தாபுதுப்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது என்று அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும்.

போய்த் துண்டை விலக்கினால், கண்ணாடிக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடந்தது.

கைப்பையில் இருந்த டப்பா

புஷ்பா அண்ணி தம்பியைத் திட்டிய திட்டை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. எழுதக்கூடிய பகுதி இது: "ஏண்டா, மீசை நரைச்ச நாயே, பத்த வெச்ச மேண்டிலைத் தூக்கிக்கினு எவனாச்சும் வண்டில வருவானா? அம்மன் வர்ற நேரத்துல இன்னாத்தடா பிடிக்கிறது, உன் மூஞ்சியவா?"

குமரேசன் தலை குனிந்து நின்றார். பாரிமுனைக் கடையில் சரக்கு இல்லை. வெளியே பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இந்த வருஷமும் பேட்டரி லைட்டே வச்சுக்கலாம் அண்ணி" என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. நாலு முறை அவிழ்த்து ஐந்தாவது முறை கட்டிய மேண்டில். வெட்கம் வேறு. வந்த முதல் வருஷமே வழக்கம் என்னால் நின்றது என்று ஊர் சொல்லும்.

ரேவதி அன்று காலையிலேயே வந்திருந்தாள். கூழுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவள், கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்டீல் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

உள்ளே பழுப்பேறிய காகிதத்தில் ஒரு மேண்டில். வெறும் மேண்டில் இல்லை. சுற்றிலும் சீராக மடிப்பு வைத்து, மடிப்புக் கலையாமல் இருக்க மெல்லிய வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டு, கட்டும் நூலையும் தளர்வாகக் கோத்துத் தயாராக இருந்தது. மூக்கில் மாட்டி இழுத்தால் போதும்.

"அம்மா எப்பவும் ரெண்டு ரெடி பண்ணுவாங்க. ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு. கடைசி வருஷம் ஒண்ணுதான் எரிஞ்சுது. இது மீந்துடுச்சு."

குமரேசன் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா."

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள். பிறகு, "பழைய மேண்டில்ல லேசா கதிர்வீச்சு இருக்கும்னு நெட்ல படிச்சேன். ஊட்டுக்குள்ள வைக்க பயமா இருந்துச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல. பால்கனியில பூந்தொட்டி பக்கத்துல வச்சிருந்தேன். இந்த வருஷம் நீங்க கட்டறீங்கன்னு அத்தை சொன்னாங்க, எடுத்துக்கினு வந்தேன்" என்றாள்.

அந்த மடிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஐந்தாவது முயற்சியைவிட எவ்வளவோ நேர்த்தி. சுலோசனாவை நான் பார்த்ததில்லை. படத்துக்கு மாலை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த ஓட்டுத்தையலைப் பார்த்ததும் ஒரு பெண் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்திருப்பது தெரிந்தது. எனக்கு அவள்மேல் பிரியமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

டப்பாவை மூடி ரேவதியிடம் நீட்டினேன். "வேண்டாம்மா. இதை நீயே வச்சுக்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஏன்? எங்கம்மா மடிச்சதுன்னா உங்களுக்கு ஆவாதா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா. எரிச்சா போயிடுமே. அப்புறம் உனக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது."

"எரியறதுக்குத்தானே அவங்க ரெடி பண்ணாங்க?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் கட்ட முடியாது. எனக்குத் தெரியாது. அத்தையும் தொடக்கூடாதுன்றாங்க. நீங்க கட்டினாத்தான் உண்டு. இல்லன்னா அது என் பால்கனியிலயே கிடக்கும்" என்றாள். "கட்டுங்க. ப்ளீஸ்."

நான் உட்கார்ந்தேன். ரேவதி எதிரே குந்தி, செல்போன் டார்ச்சை அடித்தாள். மடிப்புக் கலையாமல் மூக்கின் பள்ளத்தில் ஏற்றி, நூலை மெதுவாக இழுத்து முடிச்சுப் போட்டேன். என் வேலை அந்த முடிச்சு மட்டும்தான். மற்றதெல்லாம் அவள் அம்மா எப்போதோ முடித்து வைத்திருந்தாள். பிறகு ஓட்டுத்தையல் நூலைக் கத்தரித்தேன். "மெதுவா" என்றாள் ரேவதி. என்னிடமா, தனக்குள்ளேயா, தெரியவில்லை.

கரகத்துக்கு முன்னால்

பொழுது சாய்கிற நேரம். வாசலில் வைத்து ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்தேன். துணி கறுத்தது, மடிப்புகள் சுருங்கின, ஒவ்வொன்றாகப் பொசுங்கின. ரேவதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு இறுக்கமாக என்னை யாரும் பிடித்ததில்லை. வளையல் அழுந்திய தடம் மறுநாள்வரை இருந்தது.

குமரேசன் பம்ப் அடித்தார். உஸ் என்ற சத்தத்தோடு வெளிச்சம் எழுந்தது. கடைக்காரர் சொன்னது சரிதான், வெண்ணெய் நிறம். வாசலில் நின்றவர்கள் முகமெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி ஆயிற்று.

"அதே வெளிச்சம்டீ" என்றாள் புஷ்பா அண்ணி, யாரிடம் என்றில்லாமல். குமரேசன் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். வெகுநேரம் கழுவினார்.

பங்காளி முறையில் ஒருவர் விளக்கைத் தூக்கிக்கொண்டார். பம்பை முழங்க, கரகம் பின்னால் வர, விளக்கு வீதி சுற்றியது. வழி முழுக்க ரேவதி அதன் பக்கத்திலேயே நடந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் இங்கிலீஷ் பேசுகிற பெண், தொண்டை கிழியக் கத்தினாள். "அண்ணாத்தே, பாத்து! பள்ளம் கீது! பைக்கை ஓரமா நிறுத்துயா, கண்ணு தெரியல?" நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அதட்டலில் தெருவே ஒதுங்கி வழி விட்டது.

கோயில்வரை விளக்கு நின்றது. கரகத்தை இறக்கி, கற்பூரம் காட்டி, எல்லோரும் கும்பிட்டு முடித்தார்கள். காற்றைத் திறந்துவிட்டு விளக்கை அணைத்தார் அந்தப் பங்காளி. அணைத்த கையோடு அதைச் சிமெண்ட் தரையில் வைத்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டார்.

எல்லோரும் ரேவதியைப் பார்த்தோம். அவள் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். கண்ணாடி ஆறும்வரை காத்திருந்து, அதைக் கழற்றி, புடவை முந்தானையால் நிதானமாக உள்ளே துடைத்தாள். முந்தானையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தட்டிவிடவில்லை.

"நல்லா எரிஞ்சுதும்மா" என்றேன்.

"ம்." மூக்கை உறிஞ்சினாள். "சனிக்கிழமை எனக்கு லீவு. காலைல உங்க ஊட்டுக்கு வந்துடறேன். பாரிமுனைக்கு ரெண்டு பேரும் போய் வாங்கிக்கினு வந்துடலாம். முந்நூறுதானே?"

"முந்நூறுதான். ரெண்டு வாங்கினாப் போதும்."

"ரெண்டு எதுக்கு? ஒரு டஜனா வாங்கிடலாம்."

வருஷத்துக்கு ஒன்று எரிகிற வீடு அது. உடைந்தால் இரண்டு. கணக்குப் பிரிவில் இருந்தவள் நான், மனம் தானாகவே கூட்டிப் பார்த்துவிட்டது. "அவ்வளவு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"ஏன்?" என்று நிமிர்ந்து பார்த்தாள் ரேவதி. "வருஷா வருஷம் நீங்கதானே கட்டப் போறீங்க?"